முடிசூட்டு விழாவை நிறுத்திய வயிற்று வலி!

1902-ம் ஆண்டு. லண்டன் நகரம் விழாக்கோலம் பூண்டு இருந்தது. ஜூன் 26-ந் தேதி ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா!

ஆனால் மன்னரோ வயிற்று வலியால் துடித்தார்.

டாக்டர் பிரடெரிக் டிரீவ்ஸ் பார்த்தார். குடல்வாலில் சீழ் கட்டி இருந்தது. “உடனே ஆபரேஷன்” என்று முடிவு செய்தார். விழாவைத் தள்ளிவைக்க மன்னருக்கு மனம் இல்லை. டாக்டர் விடவில்லை. அவருடைய சொந்த மகளே 1900-ம் ஆண்டில் இதே நோயால் இறந்தவள்!

24-ந் தேதி அரண்மனையிலேயே ஆபரேஷன் நடந்தது. சீழ் எடுக்கப்பட்டது. மன்னர் பிழைத்தார். ஆகஸ்டு 9-ந் தேதி முடிசூடினார்.

அடையாளம் என்ன?

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள சிறிய குழாய். அது அடைபட்டால் வீங்கும்.

முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி இராது. வாந்தியும் காய்ச்சலும் வரலாம். நடந்தால், இருமினால் வலி கூடும்.

செய்யக்கூடாதது

விளக்கெண்ணெய், பேதி மருந்து கொடுக்கக் கூடாது. வயிற்றைத் தேய்க்கக் கூடாது. ஒத்தடமும் வேண்டாம். குடல்வால் வெடித்தால் வயிறு முழுவதும் சீழ் பரவும், உயிருக்கே ஆபத்து!

வலி திடீரென்று அடங்கினாலும் ஏமாந்துவிடக் கூடாது. வெடித்ததாலும் வலி குறையும்.

சாப்பாடு கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். இப்போது சிறு துளைகள் போட்டே குடல்வாலை எடுத்துவிடுகிறார்கள்.

மன்னரே முடிசூட்டு விழாவைத் தள்ளிவைத்தார். எந்த வேலையையும் தள்ளிவைக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிவைக்கக் கூடாது!