கிராமங்களுக்கு இணையத் தொடர்பும் கம்பெனிகள் கோரும் மான்யமும்

தென்காசி ஜில்லா, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, எலுமிச்சை, தென்னை முதலியன பயிராகின்றன. இவ்வட்டாரத்து நிலச்சுவான்தார்களுக்கு இணையத் தொடர்பு இன்று வேடிக்கைப் பொருளன்று. பட்டா, சிட்டா நகல் பெறுதல், பிசான நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிதல், 'உழவன்' செயலி மூலம் மான்யத்திற்கு விண்ணப்பித்தல், விலை நிலவரம் அறிதல் ஆகிய காரியங்கள் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. காப்பீட்டுப் பதிவின் கடைசித் தினத்தில் தொடர்பு அறுந்துவிடுமாயின், பின்னர் வெள்ளத்தில் பயிர் அழியும்போது நஷ்ட ஈடு கோர வழியில்லாமற் போகும்.

இந்நிலையில், கிராமங்களுக்குச் சேவையை விஸ்தரிக்க மான்யம் வேண்டுமென்று கம்பெனிகள் கேட்பதும், மான்யம் செலவான பின்னும் தொடர்பு சரிவரக் கிடைக்காதிருப்பதும் பல இடங்களில் ஜனங்களுக்கு மனக்கசப்பை விளைவித்துள்ளன. இவ்விஷயத்தின் உண்மை நிலையைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

மான்யம் ஏன் வேண்டியிருக்கிறது

நகரத்தில் ஒரு தெருவுக்குக் கம்பி இழுத்தால் நூறு வீடுகள் சந்தா செலுத்தும். வயல்களுக்கு நடுவே தனித்திருக்கும் ஊருக்குப் பல மைல் தூரம் கம்பி கொண்டு சென்றாலும் சந்தாதாரர் சிலரே கிடைப்பர். போட்ட முதலை வசூலிக்கப் பல ஆண்டுகள் செல்லும். கொல்லத்திற்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களுக்கு முந்தியும், உள்ளடங்கிய ஊர்களுக்குப் பிந்தியும் வசதி வருவது இக்காரணத்தினாலேயாம். ஆகவே இக்குறையை ஈடு செய்ய மான்யம் கேட்பது முழுவதும் நியாயமற்றதென்று சொல்வதற்கில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

இம்மான்யம் பெரும்பாலும் ஜனங்கள் செலுத்தும் டெலிபோன் கட்டணத்திலிருந்தே திரட்டப்படுகிறது. எல்லோருக்கும் சேவை அளிப்பதற்கான பொது நிதி ஒன்று 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏற்படுத்தப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தினால் சட்ட அந்தஸ்துப் பெற்றது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தினால் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற பெயர் ஏற்பட்டது. கம்பெனிகள் தங்கள் வருமானத்தில், அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக, 100 ரூபாய்க்கு 5 ரூபாய் வீதம் இதற்காகச் செலுத்துகின்றன. அத்தொகை முதலில் இந்திய சர்க்காரின் பொதுக் கஜானாவைச் சேர்ந்து, பின்னர் பார்லிமெண்டின் அனுமதி பெற்றே செலவிடப்படும்.

வசூலான தொகை முழுதும் உரிய காலத்தில் செலவாகவில்லை. ஆதலின், கையிருப்புத் தீரும்வரை இவ்வசூலை நிறுத்திவைக்க வேண்டுமென்று செல்லுலார் ஆப்பரேட்டர்கள் சங்கம் கேட்டு வருகிறது. ஜனங்களோ, "நாங்கள் கொடுத்த பணம் இருக்கிறது, எங்கள் ஊருக்குத் தொடர்பு இல்லையே" என்கின்றனர். இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்.

குளம் நிறைந்தும் கடைமடை காய்தல்

தேசிய ஒளியிழைத் திட்டத்தை மத்திய மந்திரிசபை 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கீகரித்தது. சுமார் 2,50,000 கிராம ஊராட்சிகளுக்குக் கம்பி கொண்டு செல்வது நோக்கம். 'பாரத்நெட்' எனப் பின்னர் பெயர் பெற்ற இத்திட்டத்தின் முதற் கட்டமாகிய ஒரு லட்சம் ஊராட்சிகள் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் முடிந்தன.

தாமதத்தினும் பெரிய குறை வேறொன்று உண்டு. கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்ததுடன் வேலை முடிந்ததாகக் கணக்கெழுதப்பட்டது. அங்கிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டு செல்வார் பல ஊர்களில் இல்லை. குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால் வெட்டப்படாமையால் கடைமடை நிலம் காய்வதற்கு இஃது ஒப்பாகும். மேலும், கம்பி ஒரே கோடாகப் போடப்பட்டிருந்தமையால், சாலை வேலையில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் தொடர்பிழந்தன.

2021-ஆம் ஆண்டில் தனியார் பங்குடன் 16 மாகாணங்களில் வேலை நடத்த 19,041 கோடி ரூபாய் வரை மான்யம் அளிப்பதாக மத்திய சர்க்கார் முன்வந்தும், தக்க ஏலதாரர் வராமையால் அம்முறை கைகூடவில்லை. பின்னர் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் அங்கீகாரம் பெற்றது. ஓரிடம் அறுந்தாலும் மறுபுறம் வழியாகத் தொடர்பு வரும்படி வளையமாகக் கம்பி அமைப்பதும், 10 ஆண்டுப் பராமரிப்பைக் குத்தகைதாரரிடமே ஒப்படைப்பதும் இதன் சிறப்பம்சங்கள்.

நமது மாகாணத்தில்

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒளியிழைக் கம்பி கொண்டு செல்லும் பொறுப்பு 2018-ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷனைச் சேர்ந்தது. முதலில் கோரிய டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறைப்பன என்று கருதி, அதை ரத்துச் செய்து மறு டெண்டர் கோருமாறு 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பணித்தது. இதனாலும் காலம் சென்றது.

வாசுதேவநல்லூர் பேரூராட்சியாதலின் கிராம ஊராட்சிகளுக்கான இக்கணக்கில் சேராது. வாசுதேவநல்லூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமங்களே சேரும். இவ்வேற்றுமையை அறியாது தவறான இடத்தில் மனுச் செய்தால் வீண் அலைச்சலே மிஞ்சும்.

அமெரிக்க தேசத்து அனுபவம்

இத்தொல்லை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு நவம்பரில் முடிந்த ஏலத்தில், கிராமங்களுக்கு இணையம் அளிக்கச் சுமார் 920 கோடி டாலர் மான்யம் பல கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அவற்றுட் சில, ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிட்டன. இரண்டு பெரிய விண்ணப்பங்களை, சொன்னபடி சேவை அளிக்கும் தகுதி காட்டப்படவில்லை என்று, 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டுக் கமிஷன் நிராகரித்தது. அதுவரையில் அவ்வூர்கள் வேறு உதவியும் பெறாது காத்திருக்க நேர்ந்தது. வாக்கை மட்டும் நம்பி மான்யம் ஒதுக்குவதன் விளைவு இது.

கிணறு வெட்டுவோனுக்குத் தோண்டிய ஆழத்தைப் பார்த்தே முழுக் கூலியையும் கொடுத்துவிட்டால், நீர் ஊறாவிடில் நஷ்டம் நிலத்துக்காரனுடையதே. மான்யத்தில் ஒரு பகுதியைக் கம்பி போட்டவுடனும், பெரும்பகுதியைத் தொடர்பு தடையின்றி நடக்கும் காலத்தை அளந்தும் கொடுப்பதே பொது நன்மைக்கு உகந்தது.

கிராமத்தார் செய்யத்தக்கவை

1. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, தொடர்பு அறுந்த தேதியையும் நேரத்தையும், மீண்டும் வந்த தேதியையும் நேரத்தையும் ஊராட்சிச் செயலர் எழுதி வருதல் வேண்டும். எழுத்தில் இல்லாத குறை அதிகாரிகளின் கணக்கில் ஏறாது.

2. 2023-ஆம் ஆண்டு முதல் விநாடிக்கு 2 மெகாபிட் வேகமாவது இருந்தால்தான் அகன்ற அலைவரிசை எனப்படும். சந்தாதாரர்கள் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுதல் நன்று.

3. கம்பெனியிடம் புகார் செய்தால் புகார் எண் கேட்டுப் பெறுதல் அவசியம். பரிகாரம் கிடையாவிடில் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

4. கம்பி ஊராட்சிக்கு வந்துளதா, பள்ளி, ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றுக்கு இணைப்பு உண்டா என்பதைக் கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாக எழுதுவித்து மேலிடத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

5. வாய்க்கால் தூர் வாருவோரும் குழாய் பதிப்போரும் தோண்டுமுன் கம்பி செல்லும் இடத்தை விசாரித்தறிதல் வேண்டும்.

6. காப்பீடு முதலிய பதிவுகளைக் கடைசித் தினம் வரை தள்ளிவைத்தல் கூடாது.

மான்யம் ஜனங்களின் பணம். அது வாய்க்காலில் நின்றுவிடாமல் கடைமடை வரை பாய்கின்றதா என்று பார்த்துக்கொள்ளும் கடமை அதிகாரிகளுக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு கிராமத்தாருக்கும் உண்டு.