கலசத்தைக் கண்டாலே போதும்!
பாண்டுரங்கனிடம் எதுவும் கேட்காத பக்தர்கள்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் மராட்டிய மாநிலச் சாலைகளில் 'விட்டல, விட்டல' என்ற முழக்கம் கேட்கும். லட்சக்கணக்கானவர்கள் தாளம் தட்டி, ஆடிப்பாடி நடந்து போவார்கள். அவர்கள்தான் 'வார்க்கரி'கள். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போய்ச் சேரவேண்டும் என்பதே அவர்கள் குறிக்கோள்.

புனே அருகே உள்ள ஆளந்தியில் இருந்து ஞானேசுவரரின் பாதுகை பல்லக்கில் வரும். தேகுவில் இருந்து துக்காராமின் பாதுகை வரும். ஆளந்தியில் இருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோ மீட்டர். மூன்று வாரம் நடக்கவேண்டும்.

பெரும்பாலோர் விவசாயிகள். கழுத்தில் துளசிமாலை. புலால் இல்லை, மது இல்லை. ஒருவரை ஒருவர் சந்தித்தால் சாதி, வயது பாராமல் காலில் விழுந்து வணங்குவார்கள்.

ஏகாதசி அன்று சாமியைப் பார்க்கப் பல மணி நேரம் வரிசையில் நிற்கவேண்டும். இத்தனை தூரம் நடந்து வந்தவர்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சந்திரபாகா நதியில் நீராடுகிறார்கள். கோவில் கலசத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்!

நால்வகை பக்தர்கள்

துன்பப்படுபவன், பொருள் வேண்டுபவன், உண்மையை அறிய விரும்புபவன், ஞானி என பக்தர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது கீதையின் 7-வது அத்தியாயம். நால்வரும் நல்லவர்களே என்கிறார் கண்ணன். ஆனால், ஞானியைத் தன் ஆத்மாவாகவே கருதுகிறார். ஆகவே மகள் கல்யாணத்துக்காகவும், வேலை நிரந்தரம் ஆகவும் வேண்டிக்கொள்வது பாவம் அல்ல. அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, அவ்வளவுதான்.

வாசலில் நின்றவர்

அந்தப் படியில் நின்றவர், 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகாமேளா. மகார் சமூகத்தில் பிறந்த அவரைக் கோவிலுக்குள் விடவில்லை. வெளியே நின்றே பாடினார். அவரது சமாதி இன்றும் கோவில் வாசலில் இருக்கிறது.

அவர் பக்தி பெரிது. அதனால் அவரைத் தடுத்தது நியாயம் ஆகிவிடாது. 1947-ல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகே அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது.

இன்று யாரும் கருவறைக்குள் சென்று பாண்டுரங்கன் பாதத்தில் தலைவைத்து வணங்கலாம். மும்பைவாசிகள் குர்துவாடி வழியாக ரெயிலில் போகலாம். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து ஒருமுறை போய் வாருங்கள். வேண்டுதல் பட்டியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.