உங்களுக்குத் தெரியுமா? டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ரத்தப் பரிசோதனையும்!

1935, ஆம்ஸ்டர்டாம். டெஸ்டோஸ்டிரோனை முதன்முதலாகப் பிரித்தெடுக்க அரைத்தது சுமார் 100 கிலோ காளை விரைகள். கிடைத்ததோ வெறும் 10 மில்லிகிராம்!

அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, ஜெர்மனியின் வேதியியலாளர் புட்டெனான்ட் இன்னொரு ஆண் ஹார்மோனைத் தேடியது எதில் தெரியுமா? போலீஸ்காரர்களின் சிறுநீரில்! 15,000 லிட்டரிலிருந்து 15 மில்லிகிராம். 1939-ல் நோபல் பரிசே வந்தது!

வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் மதியம் ரத்தம் கொடுக்கிறீர்களா? பாதிப் பயணம் வீண்! டெஸ்டோஸ்டிரோன் குறைவா என்று பார்க்க, காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்களில்!

ஊசி போட ஆரம்பித்துவிட்டால் கல்லீரலைவிட முதலில் கண்காணிக்க வேண்டியது ரத்தத்தின் கெட்டித்தன்மை! அதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவு தாண்டக் கூடாத கோடு 54 சதவீதம்!

கல்லீரலுக்கு உண்மையான எதிரி ஊசியல்ல, சில வகை மாத்திரைகள்! மெத்தில் டெஸ்டோஸ்டிரோன், ஜிம்களில் புழங்கும் ஸ்டனோசலால் எல்லாம் ஒரே குடும்பம். கல்லீரலுக்குள் ரத்தம் நிரம்பிய பைகளையே உண்டாக்கக் கூடியவை!

கல்லீரல் சோதனை என்று நாம் நினைக்கும் எஸ்.ஜி.ஓ.டி. 1954-ல் மருத்துவ உலகில் புகழ்பெற்றது எதற்காக? மாரடைப்பைக் கண்டுபிடிக்க!

2008-ல் வெளியான ஆய்வு இது. பழக்கமில்லாத 15 ஆரோக்கியமான ஆண்கள் ஒரே ஒரு மணி நேரம் எடை தூக்கினார்கள். கல்லீரல் என்சைம்கள் எகிறின. குறைந்தது 7 நாள் இறங்கவே இல்லை! கல்வராயன் மலையில் மரவள்ளி மூட்டை தூக்கியவரா? ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்!

என்சைம் ஏறியது தசையாலா, கல்லீரலாலா? துப்பு கொடுக்க இரண்டு பரிசோதனைகள் உண்டு. சி.கே. ஏறினால் தசை. ஜி.ஜி.டி. ஏறினால் கல்லீரல் பக்கம் பாருங்கள்!

மலைப்பாதை வளைவுகளில் ரத்த மாதிரி உள்ள குழாய் குலுங்கி, சிவப்பணுக்கள் உடைந்தால் போதும். ஆள் நன்றாக இருந்தும் எஸ்.ஜி.ஓ.டி. பொய்யாக ஏறிக் காட்டும்!

ஆண்மைக்கு என்று போடும் ஊசி விந்தணுவையே நிறுத்திவிடும்! உலக சுகாதார நிறுவனம் வாரம் ஓர் ஊசி போட்டு, இதையே கருத்தடையாகச் சோதித்தது. 1990-ல் வெளியான முடிவு: விந்தணு அற்றுப்போன 157 ஆண்கள், 12 மாதங்கள், ஒரே ஒரு கர்ப்பம்! குழந்தை வேண்டுவோர் உஷார்!

டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகளுக்கு முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்யப் பரிந்துரை!

டாக்டரைத் தேடி எங்கே போவது? 2022 ஜனவரி 12. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறப்பு. அதில் ஒன்று நம் கள்ளக்குறிச்சியில்!

ஜிம் நண்பர் சொன்னார் என்று ஊசி போடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு டாக்டர், அதன் பிறகே ஊசி!