விட்டுவைப்பதும் அன்பே



கொடுப்பதே அன்பு என்று நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். ஆயினும், கொடாமல் நிறுத்திக்கொள்வதும், எடுக்காமல் விட்டுவைப்பதும்கூட அன்பின் செயல்களே. இவ்வுண்மையை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள பொண்டொரேய் வாவியின் வரலாறு நமக்கு எடுத்துரைக்கின்றது.

மலைகள் சூழ்ந்த அவ்வாவி ஏறத்தாழ 350 மீற்றர் ஆழமுடையது. கோடைகால விடியற்காலையில் பெற்றோரும் பிள்ளைகளும், தம் வளர்ப்பு நாய்களையும் ஏற்றிக்கொண்டு, சிறு படகுகளில் புறப்படுவதுண்டு. அவர்கள் தேடிச் செல்வது கொக்கனி என்னும் மீனை. அது சொக்காய் சல்மன் இனத்தைச் சேர்ந்தது. எனினும் கடலுக்குச் செல்லாமல் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கின்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் முதிர்ந்து, செந்நிறமடைந்து, முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றது.

இம்மீனைப் பிடிப்பதற்கு அவசரம் உதவாது. மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைவாகப் படகைச் செலுத்தி, மினுங்கும் தகட்டையும், அதன் பின்னே சோளமணி கோத்த சிறு தூண்டிலையும் நீரில் இழுத்துச் செல்லவேண்டும். குளிர்நீரை விரும்பும் கொக்கனி காலையில் மேற்பரப்பை அண்டி நிற்கும். வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கும். அதன் வாய் மிக மென்மையானது. வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். ஆகவே வளைந்துகொடுக்கும் தடியைப் பிடித்து, மெல்ல மெல்ல நூலைச் சுற்றியெடுக்கவேண்டும்.

மீன் படகுக்குள் வந்ததும் நாய்கள் வாலையாட்டி நெருங்கும். ஆயினும் பச்சை மீனை அவற்றுக்குக் கொடுத்தலாகாது. பசுபிக் கரையோரப் பகுதிகளில் சல்மன் இன மீன்களிலுள்ள ஒட்டுண்ணிப் புழுவொன்று, நாய்களின் உயிரையே பறிக்கவல்ல நோயைக் காவுவதுண்டு. நன்கு சமைத்த பின்னரே ஊட்டவேண்டும். கெஞ்சும் கண்களுக்கு முன்னால் மறுத்து நிற்பதும் அன்புதான் அல்லவா?

இத்தகைய காலைப்பொழுது ஒரு காலத்தில் அவ்வாவியில் இல்லாமற் போயிருந்தது. 1960களில், கொக்கனிக்கு நல்லுணவாகட்டும் என்றெண்ணி, மைசிஸ் எனப்படும் சிற்றிறால்களை வாவியில் விட்டனர். நோக்கம் நல்லது, விளைவோ வேறு. அவ்விறால்கள் பகலில் ஆழத்தில் மறைந்திருந்து இரவில் மேலே வந்தன. ஆதலால், கண்ணால் கண்டு இரைதேடும் கொக்கனிக்கு அவை பெரிதும் அகப்படவில்லை. மாறாக, கொக்கனி உண்ணும் நுண்ணிய மிதவையுயிர்களை அவையே தின்றன. அவ்விறால்களை உண்டு லேக் ட்ரவுட் என்னும் வேறொரு மீனின் குஞ்சுகள் பெருகின. வளர்ந்தபின் கொக்கனியையே இரையாக்கின. அணைக்கட்டினால் மாறிய நீர்மட்டமும் முட்டையிடும் கரைகளைப் பாதித்தது.

ஈற்றில், 2000ஆம் ஆண்டில் கொக்கனியைப் பிடித்தெடுப்பது தடைசெய்யப்பட்டது. 2006 முதல் லேக் ட்ரவுட்டை வலையிட்டு அகற்றினர். அதைப் பிடித்துக் கொடுத்த தூண்டிற்காரருக்குப் பணமும் வழங்கினர். 2013இல்தான் தடை நீங்கியது. அப்போதும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு மீன்களே அனுமதிக்கப்பட்டன.

பதின்மூன்று ஆண்டுகள்! தடை வந்தபோது ஐந்து வயதாயிருந்த பிள்ளை, அது நீங்கியபோது பதினெட்டு வயது இளைஞன். அத்தனை காலமும் தமக்குரியதை எடுக்காமல் விட்டுவைத்தவர்களில், அதன் பலனைக் காணாமலே மறைந்தவர்களும் இருந்திருப்பர். பிறகு வந்தோர் அனுபவிக்கும் ஓய்வுக்குப் பின்னால் அவர்களது பொறுமை இருக்கின்றது.

அன்பானவர்களே, பிள்ளை கேட்டதையெல்லாம் உடனே கொடுத்துவிட்டு, அதை அன்பென்று எண்ணுகின்றோமா? நன்மை செய்யும் அவசரத்தில், அது பிறருக்கு எவ்வாறு முடியும் என்று ஆராயாமல் விடுகின்றோமா? மென்மையான உள்ளங்களைக் கண்டிப்பு என்னும் பெயரில் வெடுக்கென்று இழுத்துப் புண்படுத்துகின்றோமா? நிலத்தடி நீரையும், காட்டையும், கடலையும் நாளைய பிள்ளைகளுக்கென்று சிறிதேனும் விட்டுவைக்கின்றோமா?

இவ்வாரம் நமது வீட்டில் எதைக் கொடுப்பது என்பதோடு, எதைக் கொடாதிருப்பது, எதை எடுக்காமல் விட்டுவைப்பது என்பதையும் குடும்பமாக அமர்ந்து சிந்திப்போம்.