1,278 கிலோ ராட்சத பூசணி: அடிப்பகுதி அழுகாமல் வளர்ப்பது எப்படி?

2025 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்த எடைப் போட்டியில் ஒரு பூசணிக்காய் உலக சாதனை படைத்தது. எடை 1,278.8 கிலோ. நம்ம ஊர் சாலையில் ஓடும் ஸ்விஃப்ட் காரை விட அதிகம். ஸ்டூவர்ட் பேட்டன், இயான் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வளர்த்த காய் அது. அதற்கு முந்தைய சாதனை, 2023-ல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த தோட்டக்கலை ஆசிரியர் ஒருவர் வளர்த்த 1,247 கிலோ காய்.

இவ்வளவு எடையும் தரையில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண பரங்கிக்காயே ஈரமான மண்ணில் பத்து நாள் கிடந்தால் அடியில் கொழகொழத்துவிடும். அப்படியிருக்க, ஒரு டன்னைத் தாண்டிய காய் எப்படி அழுகாமல் தப்பிக்கிறது?

கையளவு அழுகல், மொத்த உழைப்பும் காலி

எடை அதிகம் இருந்தால் மட்டும் பரிசு கிடைக்காது. இந்தப் போட்டிகளை நெறிப்படுத்தும் 'கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்' அமைப்பின் விதிப்படி, காய் முழுமையாக இருக்க வேண்டும். அழுகலோ, உள்ளே இருக்கும் வெற்றிடம் வரை போகும் ஓட்டை, விரிசலோ இருந்தால் போட்டியில் இடமில்லை, காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2021-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்த 2,520 பவுண்டு காய், அதாவது சுமார் 1,143 கிலோ, ஒரு விரிசலால் இப்படித்தான் தகுதி இழந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அடிப்பகுதியைத் தோட்டக்காரரால் பார்க்கவே முடியாது. 500 கிலோவைத் தாண்டிய காயை யார் புரட்டிப் பார்ப்பது? அறுவடை நாளில் பட்டைகளைக் கட்டி, முக்காலியில் சங்கிலி போட்டுத் தூக்கும்போதுதான் அடி முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும். அன்றைக்கு அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கையளவு இடம் மெத்தென்று இருந்தால், அவ்வளவுதான்.

அடியில் மட்டும் ஏன் அழுகுகிறது?

காயின் மேல்தோல் வெயிலிலும் காற்றிலும் முற்றிக் கெட்டியாகிறது. அடித்தோலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. வெளிறிப்போய், மெல்லியதாக, எப்போதும் ஈரத்தோடு ஒட்டியே கிடக்கிறது. மண்ணில் இருக்கும் ஃபைட்டோப்தோரா, பித்தியம், ஃபுசேரியம் போன்ற நோய்க்கிருமிகளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. குறிப்பாக ஃபைட்டோப்தோரா, தண்ணீரில் நீந்திப் போகக்கூடிய வித்துகளை உருவாக்கும். தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். இந்த அழுகல் பெரும்பாலும் மண்ணைத் தொடும் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும்.

ராட்சத பூசணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடை கூடக் கூட, காய் உருண்டை வடிவத்தை இழந்து இட்லி மாதிரி தட்டையாகப் பரவுகிறது. தரையைத் தொடும் பரப்பு நாளுக்கு நாள் பெரிதாகிறது. சில காய்களில் அடிப்பகுதியின் நடுவே உள்வாங்கி ஒரு குழிவும் உருவாகும். அந்தக் குழிக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லை. போதாக்குறைக்கு, உச்ச வளர்ச்சிக் காலத்தில் காய் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் கூட எடை போடும். அப்போது அடித்தோல் தரையோடு உரசி நகர்கிறது. மண்ணில் ஒரு கூரான கல் இருந்தாலும் கீறல் விழும். கிருமிக்கு அந்தக் கீறலே வாசல்.

படுக்கை போடுவதில்தான் விஷயம் இருக்கிறது

அனுபவசாலிகள் காய் கால்பந்து அளவுக்கு வருவதற்குள் படுக்கையைத் தயார் செய்துவிடுவார்கள். அதன் பிறகு நகர்த்தினால் காம்பு முறியும் அபாயம் அதிகம்.

முதலில் கற்களைப் பொறுக்கிவிட்டு, தண்ணீர் வடியும்படி அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தை விடச் சற்று மேடாக்குகிறார்கள். காய் கடைசியில் எவ்வளவு பெரிதாகும் என்று கணக்குப் போட்டு, ஆறடிக்கு ஆறடி அளவிலாவது இடம் ஒதுக்க வேண்டும். மேலே சில அங்குல உயரத்துக்கு மணல். மணலில் தண்ணீர் நிற்காது, காய் விரியும்போது மணல் துகள்களும் சேர்ந்து உருண்டு கொடுக்கும்.

மணலுக்கு மேலே என்ன விரிப்பது என்பதில் ஆளாளுக்கு ஒரு பாணி. பலர் விரும்புவது, காகித ஆலை இயந்திரங்களில் பட்டையாக ஓடித் தேய்ந்துபோன நெய்த துணியை. கெட்டியானது, வழுவழுப்பானது, தண்ணீரும் காற்றும் ஊடுருவும், எலியும் சுலபத்தில் கடித்துவிட முடியாது. சிலர் கெட்டியான தெர்மாகோல் பலகை வைக்கிறார்கள். சரக்கு ஏற்றும் மரச்சட்டத்தின் மேல் காயை வளர்ப்பவர்களும் உண்டு. அறுவடை நேரத்தில் அப்படியே தூக்கிவிடலாம் என்பது அதன் வசதி. ஆனால் சட்டங்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் காய் அதற்குள் பிதுங்கும், தழும்பு விழும். அதனால் மேலே ஏதாவது விரித்தே ஆக வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று, வெறும் பிளாஸ்டிக் தாளை விரிப்பது. மண்ணின் ஈரத்தைத் தடுக்கிறோம் என்று நினைத்துப் போடுவார்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் அந்தத் தாளிலேயே தேங்கி, காய் குளத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

தண்ணீரும் காற்றும்

படுக்கை சரியாக இருந்தாலும் பாசனத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. தண்ணீர் வேருக்குப் போக வேண்டும், காய்க்கு வேண்டாம். சொட்டுநீர் என்றால் குழாயைக் காயிலிருந்து தள்ளியே போட வேண்டும். காலையில் பாய்ச்சினால் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும்.

காய்க்குப் பக்கத்தில் இருக்கும் கணுக்களிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் வேர்களை வெட்டிவிடுவதும் வழக்கம். காய் உயரும்போது கொடியும் கூடவே எழும்ப வேண்டும். வேர் இழுத்துப் பிடித்தால் காம்பு கிழியும். அந்தக் கிழிசலும் அழுகலுக்கு வழிதான். மழைக்காலத்தில் சிறிய மின்விசிறியை வைத்துக் காம்புப் பக்கமும் அடிப்பக்கமும் காற்று ஓட விடுபவர்களும் இருக்கிறார்கள். பூசணிக்கு ஃபேனா என்று சிரிக்கலாம். ஈரத்தை விரட்ட மருந்தை விட அது நன்றாகவே வேலை செய்கிறது.

அழுக ஆரம்பித்துவிட்டால்?

கண்ணுக்குத் தெரியாத இடத்தை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். புளித்த வாடை, விளிம்பில் கசியும் பழுப்பு நீர், நுரை, திடீரென்று மொய்க்கும் சிறு ஈக்கள் ஆகியவைதான் எச்சரிக்கை. டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிலும் பார்ப்பது பலருக்கு தினசரி வேலை.

எட்டும் இடத்தில் இருந்தால், சுத்தமான கத்தியால் கெட்ட சதையை நல்ல சதை தெரியும் வரை சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, கந்தகத் தூள் அல்லது கேப்டான் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுகிறார்கள். பரவாமல் நின்றால் அதிர்ஷ்டம். மருந்து பூசிய காயைச் சமைக்கக் கூடாது. உள் வெற்றிடம் வரை போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பூ இருந்த முனையில் கறுத்துக் குழிவது வேறு பிரச்னை. தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று மாறி மாறிப் போவதால், காய்க்குப் போக வேண்டிய கால்சியம் சரியாகப் போய்ச் சேராததன் விளைவு அது. அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை.

நம்ம வீட்டுத் தோட்டத்தில்?

இங்கே வளரும் பரங்கியும் வெண்பூசணியும் ஐந்து, பத்து கிலோதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடி அழுகுவது ஒன்றேதான். கிராமங்களில் கொடியைக் கூரை மேல் ஏற்றிவிடுவார்களே, அதில் ஒரு லாபம் இதுவும்தான். சரிவில் தண்ணீர் நிற்காது, காய் மண்ணையே தொடாது.

தரையில் படர்ந்தால், காய் தேங்காய் அளவுக்கு வந்ததும் அடியில் ஒரு கூரை ஓட்டையோ செங்கல்லையோ மெதுவாக நகர்த்தி வைக்கலாம். காய்ந்த வைக்கோல், தென்னங்கீற்றும் போதும். ஆனால் மழையில் நனைந்த வைக்கோலை அப்படியே விடக் கூடாது, மாற்ற வேண்டும். சின்னக் காய் என்பதால் வாரம் ஒருமுறை லேசாகத் தூக்கி அடியைப் பார்த்துவிடலாம். அப்போது காம்பு முறுக்கிக்கொள்ளாமல் காயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அறுக்கும்போது இரண்டு அங்குலக் காம்பை விட்டு வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் பல வாரங்கள் கெடாமல் இருக்கும்.