சனிக்கிழமை வெள்ளத்துக்கு யார் பொறுப்பு?

பேரிடர் நாள் பார்த்து வருவதில்லை என்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ அது வார இறுதியும் பண்டிகையும் பார்த்தே வந்திருக்கிறது. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டது 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் மூழ்கடித்தது 2021 டிசம்பர் 18, அதுவும் சனிக்கிழமை. புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியது 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். அலுவலகம் பூட்டியிருக்கும் நாளில் ஆணையிடுவது யார்? இதுதான் என் கேள்வி.

ஏட்டில் குறையில்லை

ஹைலண்ட் டவர்ஸ் துயரத்துக்குப் பின், 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு வந்தது. அதன்படி மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட அதிகாரிதான் தலைவர். காவல்துறை, தீயணைப்பு மீட்புத் துறை, பொதுத் தற்காப்புப் படை, சமூக நலத்துறை, ஊராட்சி மன்றம் எல்லாம் அவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாவட்டத்தால் முடியாவிட்டால் மாநிலம், அதற்கும் மிஞ்சினால் மத்திய அரசு என மூன்று படிகள். 2014 கிழக்குக்கரை வெள்ளத்துக்குப் பின், 2015 அக்டோபரில் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா உருவானது.

ஆனாலும் 2021இல் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்துக் கிடந்தார்கள். சொந்தப் படகோடு தொண்டர்கள் புறப்பட்டார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் இரவு பகலாகச் சமையல் நடந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி வெள்ளி என மதிப்பிட்டது. அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி பலவீனங்கள் இருந்ததை ஒப்புக்கொண்டார். மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் பொறுப்பு உண்டு என்றும் சொன்னார்.

எல்லைக் குழப்பம்

பொறுப்பு எங்கே நழுவுகிறது? ஷா ஆலாம் மாநகர் மன்றத்தின் எல்லை பெட்டாலிங், கிள்ளான் ஆகிய இரு மாவட்டங்களில் விரிகிறது. குப்பை அள்ளுவது யார் என்று நமக்குத் தெரியும்; வெள்ளத்தில் கட்டளையிடுவது எந்த மாவட்ட அலுவலகம் என்று தெரியாது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பதவிக்காலம் முடிந்ததும் முகம் மாறும், கைப்பேசி எண்ணும் மாறும். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவரின் பெயர் நம் மனத்தில் எப்படி நிற்கும்?

பேரிடரிலும் அரசு நின்றுவிடாமல் இயங்கத் திட்டமிடுவது தனிக்கலை. தலைவர் வெளியூரில் இருந்தால் அடுத்தவர் யார்? அலுவலகமே மூழ்கினால் எங்கே கூடுவது? தொலைபேசிக் கோபுரம் செயலிழந்தால் எப்படிப் பேசுவது? ஆவணங்களின் நகல் எங்கே? அமெரிக்காவின் ஃபீமா அமைப்பு, முக்கியப் பொறுப்பு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மாற்றாளர்களை வரிசைப்படுத்தி எழுதிவைக்கச் சொல்கிறது. அதிகாரியும் மனிதர்தானே! வெள்ளம் அவர் வீட்டு வாசலையும்தான் அடைக்கும்.

கிள்ளானில் எங்கள் குடியிருப்பில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன்: "வெள்ளம் வந்தால் எங்கே போவீர்கள்?" பெரும்பாலோர் கோயிலைத்தான் சொன்னார்கள். நிவாரண மையமாக அறிவிக்கப்படும் மண்டபத்தை யாரும் சொல்லவில்லை. மக்களின் கால் எங்கே போகுமோ, அங்கேதான் திட்டமும் போக வேண்டும். கோயில் மண்டபம் மேட்டில் இருக்கிறதா, சாவி யாரிடம், மின்னாக்கி உண்டா, எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் மாவட்ட அலுவலகத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். சிலாங்கூர் அரசு நியமிக்கும் இந்திய சமூகத் தலைவர்கள் இந்த விவரங்களைத் திரட்டித் தரலாமே.

நமக்கும் வேலை உண்டு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆற்று நீர்மட்டம் வழக்கநிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் தெரியும். எச்சரிக்கை நிலையிலேயே முதியவர்களையும் மருந்துகளையும் மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஆபத்தென்றால் 999.

தீபாவளியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு தாமானின் அறிவிப்புப் பலகையிலும் மூன்று பெயர்கள், மூன்று எண்கள், ஒரு மண்டபம் இருக்க வேண்டும். உங்கள் மன்ற உறுப்பினரிடம் இந்த வாரமே கேளுங்கள்: நீங்கள் இல்லாத நாளில் நாங்கள் யாரை அழைப்பது?