ஈகையும் இறையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடியை ஒட்டி அமைந்த ஊர்களுள் சேக்காடும் ஒன்று. முன்னாளில் சிற்றூராய் இருந்த அது, இன்று ஆவடி மாநகராட்சியின் ஒரு பகுதியாய், வீடுகள் நெருங்கி நிற்க விளங்குகின்றது. அதனை அடுத்துள்ள புகைவண்டி நிலையத்தின் பெயர் ‘இந்து கல்லூரி’ என்பதாகும். தருமமூர்த்தி கலவல கண்ணன் செட்டியார் என்னும் வள்ளலின் பெயர் தாங்கிய கல்லூரி அங்கு இருத்தலின் நிலையம் அப்பெயர் பெற்றது. ஒருவர் ஈட்டிய பொருள், அவர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும், அவர் முகமறியாத பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றது.

அந்நிலையத்திற்குக் கிழக்கே உள்ளது ஆவடி. 1955 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்தியத் தேசியக் காங்கிரசின் மாநாடு அங்குக் கூடிற்று. நாட்டின் செல்வமும் வாய்ப்பும் சிலரிடமே குவியாமல் யாவர்க்கும் பயன்படும் வகையில், சமதர்ம முறையைத் தழுவிய சமுதாயம் அமைதல் வேண்டும் என்னும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. வறியோர் நலம் காத்தல் செல்வர்தம் விருப்பத்தைப் பொறுத்ததன்று, அரசின் கடமை என்னும் கருத்து அதனுள் அடங்கியிருந்தது.

வறியவர்க்கு உதவ வேண்டியவர் யார்? மனமுவந்து கொடுக்கும் தனியொருவரா? வரி வாங்கி வகுத்துக் கொடுக்கும் அரசா? இவ்வினா புதியதன்று. திருவள்ளுவர் ஈகையையும் ஒப்புரவையும் அறத்துப்பாலில் வைத்தார். பொருளை ஈட்டிக் காத்து வகுத்தலைப் பொருட்பாலில் அரசன் கடமையாக வைத்தார். வரிக்கு ‘இறை’ என்பது பழந்தமிழ்ப் பெயர். அச்சொல்லே அரசனையும் குறிக்கும். வரி வாங்குவோன் எவ்வாறு வாங்க வேண்டும் என்பதைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துரைத்தார். சிறு வயலே ஆயினும் நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே வயலுட் புகுந்தால் அதன் வாய் புகுவதைவிடக் காலால் அழிவதே மிகுதி என்பது அப்புறநானூற்றுப் பாடலின் கருத்து. வரியைக் குறை கூறுவோர் இன்றும் சொல்ல விரும்புவது இதுவே. இதனினும் தெளிவாக அவர்கள் சொல்லிவிட்டதாகத் தெரியவில்லை.

இனி, ஈகையின் இயல்பை நோக்குவோம். 1867 ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். ஊரார் நிலம் கொடுத்தனர். அன்பர் பொருள் கொடுத்தனர். சாதி, சமயம் வினவாது பசித்தோர்க்கெல்லாம் உணவிடும் அச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அரசின் ஆணை எதுவும் அதனை மூட்டவில்லை. பசித்தவனுடைய முகத்தைக் கண்டவுடன் கை நீளுவது ஈகையின் தனிச்சிறப்பாகும். அதற்கு விண்ணப்பம் வேண்டுவதில்லை, சான்றிதழ் வேண்டுவதில்லை.

ஆயினும், வடலூரில் அடுப்பு எரிந்து கொண்டிருந்தபோதே, 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிற்று. சென்னை மாகாணத்தில் மடிந்தோர் பல இலட்சம். மழை பொய்த்தால் கொடுப்போனுடைய களஞ்சியமும் காலியாகின்றது. எப்போது உதவி மிகுதியாக வேண்டப்படுகின்றதோ, அப்போது கொடுக்கத்தக்கவர் தொகை குறைகின்றது. இஃது ஈகையின் குற்றமன்று, அதன் எல்லை. அக்காலத்தில் அரசு பஞ்ச நிவாரண வேலைகளைத் தொடங்கிற்று. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. ஆனால் அவ்வேலைகளுக்குத் தரப்பட்ட கூலியோ, உழைப்பவன் உடலைத் தாங்கப் போதாத அளவினது. ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி அதனை நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானிய அளவாகக் குறைத்தபோது, மாகாணச் சுகாதார ஆணையரான கார்னிசு என்பவர் அது போதாதெனக் கடுமையாக எதிர்த்தார். பசித்தவனுடைய முகத்தைக் காணாது, கணக்கை மட்டும் காணும் கண் அரசுக்கு உண்டு என்பதற்கு அவ்வளவையே சான்றாகக் கொள்ளலாம்.

அப்பஞ்சத்தின் பின்னர், மற்றொரு பஞ்சம் வரின் பயன்படுமாறு ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப் புது வரிகள் விதிக்கப்பட்டன. மக்களும் கொடுத்தனர். ஆனால் ஆப்கானிய யுத்தம் மூண்டவுடன் அவ்வொதுக்கீட்டை அரசு நிறுத்தி வைத்தது. ஏழையின் பெயரால் வாங்கிய வரி ஏழைக்கே போய்ச் சேரும் என்பதற்கு, வாங்கியவன் சொல்லைத் தவிர வேறு பிணை அக்காலத்தில் இல்லை. கேள்வி கேட்கத்தக்க சட்டமன்றமும் வாக்குரிமையும் குடிமக்களிடம் இல்லாதிருந்தன.

தனியார் அறத்திலும் இத்தகைய தவறு நேர்வதுண்டு. பச்சையப்ப முதலியார் 1754 ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் வறிய குடும்பத்திற் பிறந்து, பெரும்பொருள் ஈட்டி, அதனை அறத்திற்கென எழுதி வைத்து 1794 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எண்ணியது எண்ணியாங்கு நடந்ததோ? இல்லை. பொருளைப் பொறுப்பேற்றோர் அதனைச் செவ்வனே நடத்தாமையால் வழக்குகள் எழுந்து, நீதிமன்றம் தலையிட்டு, அறங்காவலர் குழு ஒன்று அமைந்த பின்னரே, 1842 ஆம் ஆண்டு அவர் பெயரால் பள்ளி திறக்கப் பெற்றது. இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்! வள்ளலின் கையொப்பம் மட்டும் அறத்தைக் காத்ததில்லை; வரிப்பணத்தால் நடைபெறும் நீதிமன்றமும் உடன் நின்று காத்தது. அரசே வேண்டா, ஈகை ஒன்றே போதும் என்பார் இதனை மறத்தல் ஆகாது.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மதிய உணவு வரலாறேயாகும். அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

1920 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராய் விளங்கியவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க அவ்வாண்டில் மாநகராட்சி தீர்மானித்தது. அது நகர மக்களின் வரிப்பணம். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகை பெருகியது. ஆயினும், தொடக்கக் கல்விக்கென உள்ள நிதியை உணவுக்குச் செலவிடுதல் கூடாது என மேலிருந்த அரசு தடுத்தமையால் 1925 ஆம் ஆண்டு அத்திட்டம் நின்றது. பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறுமோ என்று அவ்விதியை எழுதியவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் அவ்வெண்ணம் மீண்டும் தழைத்தது. இம்முறை தொடக்கம் வேறு. அரசின் கருவூலத்தை முதலில் நோக்காது, ஊராரை நோக்கினர். ஊர்ப்பெரியவர்களைக் கூட்டி, “உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பசியோடிருக்கின்றனர், நீங்கள் இயன்றது தாருங்கள்” என்று கேட்டனர். 1956 ஆம் ஆண்டளவில் பல ஊர்களில் நெல்லும் பருப்பும் விறகும் காய்கறியும் பள்ளிகளுக்கு வந்தன. பாத்திரம் கொடுத்தவர் சிலர். சமைத்துக் கொடுத்தவர் சிலர். பொருளில்லாதவர் உழைப்பைக் கொடுத்தனர். 1958 ஆம் ஆண்டு, சேக்காட்டின் வழியே செல்லும் அதே இருப்புப்பாதையில் மேற்கே உள்ள கடம்பத்தூரில், முதற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கட்டடம், பலகை, கடிகாரம், கரும்பலகை, சீருடை எனப் பள்ளிக்கு வேண்டுவனவற்றை மக்களே வரிசையாகக் கொணர்ந்து கொடுத்தனர். திருமணத்திற்குச் சீர் கொண்டு செல்வது போன்ற காட்சி அது. பின்னர் இம்மாநாடுகள் நாடெங்கும் பரவின.

இத்துணைச் சிறப்புடைய இயக்கம் ஈகையை மட்டும் நம்பி நின்றதா? நிற்கவில்லை. 1957 ஆம் ஆண்டிலேயே அரசு மதிய உணவிற்கு மானியம் வழங்கத் தொடங்கியது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு செலவெனக் கொண்டு, அதில் ஆறு காசு அரசும் நான்கு காசு ஊராரும் தருவதென வகுத்தனர். காரணம் எளிதில் விளங்கும். நன்செய் நிறைந்த ஊரில் அறுவடைக் காலத்தில் பத்து மூட்டை நெல் திரட்டுதல் அரிதன்று. வானம் பார்த்த ஊரில், கொடுக்க வேண்டியவனுடைய பிள்ளையே பசித்த வரிசையில் அமர்ந்திருப்பான். செல்வர் வாழும் ஊரில் ஏழைகள் சிலராகவும், ஏழைகள் மிகுந்த ஊரில் செல்வர் இன்றியும் இருப்பது உலகியல்பு. ஆகவே ஈகை எங்கு மிகுதியாகத் தேவையோ அங்கே குறைவாகக் கிடைக்கும். ஓர் ஊரின் வளத்தை மற்றோர் ஊரின் பசிக்குக் கொண்டு செல்லும் வண்டி வரி ஒன்றே. தஞ்சையில் ஒருவர் செலுத்துவது இராமநாதபுரத்துப் பிள்ளையின் இலையில் விழுவது வேறெவ்வழியால் இயலும்?

1982 ஆம் ஆண்டு சூலை முதல் நாள், எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராய் இருந்தபோது சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. ஊரார் பங்கை எதிர்நோக்கி நிற்காது, முழுப்பொறுப்பையும் அரசே ஏற்றது. இத்துணைப் பெருஞ்செலவை மாநிலம் தாங்குமோ என்று ஐயுற்றவர் பலர். திட்டம் தாங்கிற்று. 2001 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசுப் பள்ளிகளிலும் அரசின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்க வேண்டுமென ஆணையிட்டது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், 1,545 தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுதும் விரிந்தது. தியாகராயர் காலத்தில் ஒரு பள்ளியிற் பிறந்த எண்ணம் வளர்ந்த வகை இது.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. வரி என்றவுடன், செல்வரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பது என்றே பலரும் நினைக்கின்றனர். அது முழு உண்மையன்று. 1939 ஆம் ஆண்டு, இராசாசி முதலமைச்சராய் இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடு செய்யும் நோக்கமும் அதற்கு இருந்தது. 2017 முதல் சரக்கு மற்றும் சேவை வரி பெரும்பாலான பொருள்களுக்கு அதனிடத்தில் வந்துள்ளது. விலைக்கு வாங்குவோர் யாவரும் அதனைச் செலுத்துகின்றனர். காலையில் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கும் கூலித் தொழிலாளியும் அரசுக்கு வரி செலுத்தியவனே. ஆகவே அவன் பிள்ளை பள்ளியில் உண்ணும் சோற்றில் அவனுடைய பங்கும் உண்டு. அப்பிள்ளை யார்க்கும் தலை குனிய வேண்டுவதில்லை, உரிமையோடு உண்கின்றது. வள்ளல் எத்துணை இன்முகத்தோடு கொடுப்பினும், வாங்கும் கையின் கூச்சத்தை முற்றும் நீக்க அவனால் இயலாது. வரி அதனை நீக்குகின்றது. எனினும், வரியின் இப்பெருமைக்குள் ஒரு முள்ளும் உண்டு. மது விற்பனையால் வரும் வருவாயும் இன்று அரசின் கருவூலத்திற் பெரும்பங்கு வகிக்கின்றது. தந்தை குடித்தழிக்கும் பணத்தின் ஒரு பகுதி மகனுக்குச் சோறாகத் திரும்புவதை நல்ல கணக்கென்று சொல்ல யார்க்கும் நா எழாது.

அரசின் கை நீண்டது. ஆனால் அது பட்டியலில் உள்ள பெயரையே தேடிச் செல்லும். இதனை ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து மக்கள் அண்மையிற் கண்கூடாகக் கண்டனர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்த்தொற்றால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. தொழிற்சாலைகள் மூடின. நியாயவிலைக் கடைகள் அட்டை உடையோர்க்கு அரிசி கொடுத்தன. ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த பகுதிகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைத்தவர் பலர்க்கு இங்கு அட்டை இல்லை. அவர்கள் செலுத்திய வரி இங்கே இருந்தது. பெயரோ அவர்தம் ஊரில் இருந்தது. அந்நாள்களில் சென்னையிலும் புறநகரிலும் அண்டை வீட்டாரும் தொண்டர்களும் வீட்டில் வடித்த சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு முதலிற் சென்றனர். யார், எவ்வூர், என்ன மொழி என்று அவர்கள் வினவவில்லை. அரசின் முகாம்களும் பொருள்களும் உடன் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில், ஒரு மாநிலத்து அட்டையைக் கொண்டு மற்றொரு மாநிலத்தில் அரிசி பெறும் ஏற்பாடு தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது.

மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. அள்ள அள்ளக் குறையாத கலம் அது. அதனை ஏந்தித் தெருத்தோறும் உணவளித்த பின்னரும் அவள் நிறைவு கொள்ளவில்லை. சோழ மன்னனிடம் சென்று, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருக என்று வேண்டினாள். குறையாத கலம் வைத்திருந்தவள் அரசனிடம் ஏன் சென்றாள் என்பது சிந்திக்கத்தக்கது. கலத்தால் அன்றைய பசி தீர்ந்தது. சிறையின் கதவைத் திறக்கும் ஆணையோ மன்னனிடமே இருந்தது.